மால்டாவில் நான் கலைத்த கூட்டம்

இஞ்சேருங்கோ,

நீங்கள் இருந்த காலத்திலேயே உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்? ஒவ்வொரு ஆண்டும் உங்கள் நினைவு நாளுக்கு ரொறொன்ரோப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி எழுதுவேன். இந்த முறை நாலு வரி போதாது. நானும் உங்கள் மகள் ஆரணியும் மால்டாவுக்கு விடுமுறை போய் வந்தோம். அங்கே நான் ஒரு மனிதனைக் குடையால் அடித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள், முழுவதையும் சொல்கிறேன்.

நான் படிப்பித்த வகுப்பில் உலகப்படம் கீறும்போது இத்தாலியின் காலுக்குக் கீழே பென்சில் முனையால் ஒரு புள்ளி வைப்போமே, அதுதான் மால்டா. தேன் நிறக் கல்லில் கட்டிய கோட்டைகள். மீன்பிடிப் படகுகளின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கிறார்கள். ரொறொன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் வேலை வேலையென்று ஓடுகிற ஆரணி, "அம்மா, ஒரு கிழமை ஒண்டும் செய்யாமல் இருப்பம், வாங்கோ" என்று கூட்டிப்போனாள். ஏழு நாளும் காலையில் கோட்டை மதில், மத்தியானம் கடல், பின்னேரம் துறைமுகத்தில் கோப்பி.

பழைய முற்றுகை ஒன்றில் எதிரிகளின் தலைகளை வெட்டி, பீரங்கியில் வைத்து அவர்கள் பக்கமே சுட்டார்களாம். வழிகாட்டிப் பெண் அதைப் புன்னகையோடு சொன்னாள். நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். எவ்வளவு காலம் போனால் ஒரு கொலைக்களம் சுற்றிப்பார்க்கப் போகிற இடமாகிவிடுகிறது? நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அன்று கோப்பி குடிக்கும்போது, "உன்ரை அப்பாவுக்கு இந்தக் கோட்டையள் நல்லாய்ப் பிடிச்சிருக்கும்" என்றேன். அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அப்பாவுக்கு பொம் பாக்கத்தானே விருப்பம். அதைப் பாக்கப் போய்த்தானே எங்களை விட்டிட்டுப் போனவர்."

அவளில் பிழையில்லை. உங்களைப் பறிகொடுத்தபோது அவளுக்கு மூன்று வயது. ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் உங்கள் அக்கா சோற்றைக் குழைத்தபடி சொல்லுவா: "என்ரை தம்பி விடுப்புப் பாக்கப் போய்ச் செத்தவன்." வேடிக்கை பார்க்கப் போனீர்களாம். அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. நான் உள்ளதைச் சொன்னால், "அம்மா, நீங்கள் அப்பாவை ஹீரோ ஆக்குறீங்கள்" என்று சிரிப்பாள்.

உள்ளது என்ன? ஊரில் சண்டை நடந்த காலம், பொம்மர் விமானம் போட்ட குண்டு ஒன்று சந்தைக்குப் பின்னால் வெடிக்காமல் புதைந்து, வால் மட்டும் வெளியே நின்றது. ஊரே பார்க்கத் திரண்டது. கச்சான் கடலை விற்கிறவர்கூடப் பெட்டியோடு வந்துவிட்டார். விஞ்ஞானம் படிப்பித்த உங்களுக்கு, வெடிக்காத குண்டு செத்த குண்டல்ல என்று தெரியும். சைக்கிளில் பறந்து போனீர்கள். கத்தினீர்கள், கும்பிட்டீர்கள். அவர்கள் சிரித்தார்கள். ஒருநாளும் பிரம்பைத் தொடாத நீங்கள், சைக்கிள் பம்பைக் கழற்றி ஆட்களை அடிக்கத் தொடங்கினீர்கள்.

எங்கள் அயலவர் கந்தையா அண்ணைக்கு முதுகில் விழுந்தது. உங்களைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டே ஓடினார். ஓடியதால்தான் இன்றைக்கும் ஸ்காபரோவில் பஸ் ஏறித் திரிகிறார். "ரீச்சர், அந்த அடி விழுந்த இடத்தை இப்பவும் தடவிப் பாப்பன்" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

வெடித்தபோது நீங்கள்தான் கிட்ட நின்றீர்கள். உங்களைப் பாயில் சுற்றிக் கட்டித் தந்தார்கள். பாய் சின்னதாக இருந்தது. அவிழ்க்க வேண்டாம் என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள். சந்தை வேலியில் என்ன தொங்கியது என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

சரி, மால்டாவுக்கு வருகிறேன். அங்கே பெரிய வட்டக் கூரையுள்ள தேவாலயம் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் சனம் வழிபட்டுக்கொண்டிருக்கும்போது கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு விழுந்ததாம். வெடிக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. அதன் மாதிரியை ஒரு பக்க அறையில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி இவ்வளவும் சொன்னாள். என் காதில் எதுவும் ஏறவில்லை.

குண்டைச் சுற்றி ஒரு கூட்டம். சிரிப்பு. ஆரணி அதன் மேல் கையைப் போட்டு, கன்னத்தை வைத்து, "அம்மா, இஞ்சை வாங்கோ, ஒரு செல்பி!" என்றாள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. "தள்ளிப் போங்கோ! கிட்ட நிக்காதேங்கோ! ஓடுங்கோ!" என்று தமிழில் அலறினேன். ஒருவரும் அசையவில்லை. சிலர் என்னையும் படம் எடுத்தார்கள். முன்னால் நின்ற பெரிய மனிதரின் தோளில் குடையால் ஓங்கி அடித்தேன். அவருடைய போன் தெறித்து விழுந்தது. மற்றவரையும் அடித்தேன். ஆரணியின் கையைப் பிடித்து இழுத்த இழுவையில் என் காப்பு கிழித்து அவளுக்கு இரத்தம் வந்தது. "அம்மா, உது உண்மையான பொம் இல்லை! அம்மா!" என்று அவள் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது.

கோயிற் காவலாளி ஒரு கதிரை கொண்டுவந்து என்னை இருத்தினார். அடிவாங்கிய மனிதர் தோளைத் தடவிக்கொண்டு, இந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆரணி பதில் சொன்னாள்.

"என்னுடைய அப்பா இப்படி ஒரு குண்டுக்குக் கிட்ட நின்ற ஆட்களைக் கலைக்கப் போய்ச் செத்தவர்" என்றாள்.

கேட்டீர்களா? கலைக்கப் போய் என்றாள். பார்க்கப் போய் என்று சொல்லவில்லை.

பிறகு வாசற்படியில் என் பக்கத்தில் இருந்து, கைக்குட்டையால் காயத்தை அழுத்திக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் கத்தக் கத்த நானும் முதல் சிரிச்சனான் அம்மா. அண்டைக்கும் இப்பிடித்தான் சிரிச்சிருப்பினம், என்ன?"

"ஓம், பிள்ளை."

"அடிச்சும் போகேல்லையோ?"

"கன பேர் போனவை. கடைசி ஆள் போகுமட்டும் அப்பா நிண்டவர்."

அவள் கைக்குட்டையை மடித்துக் காயத்தில் கட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்ல அடி அம்மா. அந்தாள் இனி பொம்முக்குக் கிட்டப் போகாது" என்றாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். பக்கத்தில் போனவர்கள் எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் குடையின் கம்பி ஒன்று வளைந்துவிட்டது. எறியவில்லை, கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வீட்டில் விருந்து. விடுப்புப் பார்க்கப் போனவன் என்ற கதையை அவ எடுத்தால், இத்தனை ஆண்டும் செய்ததுபோல நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. ஆரணியும் பக்கத்தில்தான் இருப்பாள். வெளியே மழை இல்லாவிட்டாலும் குடையைக் கொண்டுபோவேன்.

உங்கள் மனைவி,
ஆரணியின் அம்மா