ஜீப் படுதா போட்ட கார் ஏன் ஒழுகியது

என் பேச்சை ஒருநாளும் கேட்காத, நான் ஒருநாளும் யாரிடமும் விட்டுக்கொடுக்காத என் ஜோசப் அண்ணனுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இங்கே மழை பிடித்துவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் காலையிலிருந்து அட்டைக்கடிக்கு மருந்து வைத்தே எனக்குப் பொழுது போகிறது. மதினி நன்றாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார், என்னோடு சண்டை போடுகிறார். வேறென்ன வேண்டும்?

உன் காரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சிரிக்காதே. அந்தக் காரை நான் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மூணாறு ரிசார்ட்டில் நீ டிரைவராக இருந்தபோது, முதலாளி ஓட்டி அலுத்து ஷெட்டில் போட்டிருந்த வண்டி. பழைய ஜப்பான் கார், சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், கூரை துணி. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். வருஷத்தில் ஆறு மாதம் மழை கொட்டுகிற மலையில் துணிக்கூரைக் கார் எதற்கு என்று கேட்டேன். "ஏட்டி, மீதி ஆறு மாசம் இருக்குல்லா" என்றாய்.

வாங்கும்போதே அதன் கூரை கிழிந்து தொங்கியது. அந்தக் காருக்கான கூரை எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் கம்பம்மெட்டு முருகேசன் அண்ணன்தான் ஜீப்புக்குப் படுதா தைக்கிற கனத்த துணியில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். ஏலக்காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகளில் பாதிக்கு அவர் கைப் படுதாதான். இளவட்டமாக இருந்தபோது நீங்கள் இருவரும் ஒரே ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர்கள். பந்தயக் காருக்கு ஜீப் படுதா என்று ஊரே சிரித்தது. நீ மட்டும் அதைப் பெருமையாகத் தடவிக்கொண்டு திரிந்தாய்.

அந்த வருஷ மழையிலேயே கார் ஒழுக ஆரம்பித்தது. சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, கால் வைக்கிற இடத்துக் கார்ப்பெட் சதசதவென்று ஊறி, உள்ளே பூஞ்சைக் காளான் வாடை. முருகேசன் அண்ணன் மூன்று தடவை தையலைப் பிரித்துத் தைத்தார். மூன்று தடவையும் ஒழுகியது. "என் தையல்ல கோளாறு இல்ல ஜோசப்பு, வண்டியில வேற எங்கிட்டோ இருக்கு" என்றார் அவர். உனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஜங்ஷன் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், "ஒனக்கு ஜீப்புக்குத்தான் தைக்கத் தெரியும், அதுவும் இனி தெரியுமோ என்னமோ" என்று சொல்லிவிட்டு வந்தாய். நான் சும்மா இருந்தேனா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வருஷம் நீங்கள் பேசிக்கொள்ளவில்லை. உன் அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. வந்த கூட்டத்தில் நான் அவர் முகத்தைத் தேடினேன், அண்ணே. தேடிக் காணாமல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

போன மாதம் மதினி, "இந்த நாத்தத்த என்னால வச்சுக்கிட முடியாது ஸ்டெல்லா, நீயே கொண்டு போ" என்று காரை என் வீட்டு முற்றத்துக்கு அனுப்பிவிட்டார். தரைத் தகட்டில் துரு பிடித்திருந்தது. இன்னொரு மழையை அது தாங்காது. அதைப் பார்த்ததும் ஒரு முடிவு எடுத்தேன். எந்தத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போய் முருகேசன் அண்ணன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், காரைக் காப்பாற்ற நான் இறங்கவில்லை. உன் பேரைக் காப்பாற்ற இறங்கினேன்.

போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் சீட்டுகளைக் கழற்றினேன். கார்ப்பெட்டை உரித்து எடுத்தபோது அது ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. பக்கத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அறையில் ஒரு ஓரத்தில் போட்டு வைத்தார்கள். காய்ந்து வந்தபோது பாயசத்துக்குப் போடலாம் போல மணத்தது. அப்புறம் உள்பக்கத்தை ஒட்டத் துடைத்துவிட்டு, தையல், ரப்பர், கண்ணாடி விளிம்பு எல்லா இடத்திலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினேன். தண்ணீர் எங்கே வந்தாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும். நான் டார்ச்சோடு உள்ளே. மதினி ஓஸ் பைப்போடு வெளியே.

"கூரையில ஊத்துங்க மதினி" என்றேன்.

"கீழேருந்துதான் ஊத்தணும்னு நீதானே படிச்சுச் சொன்ன? மேலருந்து ஊத்துனா எல்லாமேதான் நனையும். எதுல வருதுன்னு என்னத்தக் கண்டுபிடிப்ப?"

அவர் சொன்னதுதான் சரி. நான் தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணைக்கு உட்கார்ந்திருந்தேன். கீழே கதவில் பத்து நிமிஷம் ஊற்றினோம், ஒன்றுமில்லை. ஜன்னல் ரப்பரிலும் ஒன்றுமில்லை. முன்கண்ணாடி மூலையில் ஊசி முனையளவு கசிவு, அது ஒரு கரண்டி தண்ணீர்கூட வராது. கடைசியில் கூரை. மதினி அரைமணி நேரம் கை மாற்றி மாற்றி ஊற்றினார். நான் தையல் தையலாக டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஒரு சொட்டு இல்லை, அண்ணே. பவுடர் போட்டது போட்டபடி இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்னும் ஊற்றுங்கள் என்றேன். அப்போதுதான் சீட்டுக்குப் பின்னால், தரையில் மெதுவாகத் தண்ணீர் பரவி வந்து என் பாதத்தைத் தொட்டது. மேலிருந்து ஒன்றும் சொட்டவில்லை, பின்னாலிருந்து வழிந்து வந்தது. அங்கே பின்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறது, உனக்குத் தெரியுமா? கூரையில் விழுகிற மழையெல்லாம் அதில்தான் வந்து விழும். அதன் இரண்டு ஓரத்திலும் ஒரு ஓட்டை. அது குழாய் மாதிரி இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் திறக்கும். தண்ணீர் அந்த வழியாக வெளியே போக வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றினேன். அது போகவில்லை. நின்று, தளும்பி, உள்ளே வழிந்தது.

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். முதுகு எலும்பு தேய்ந்த உன்னால் அது முடிந்திருக்காது. கட்டப்பனை மெக்கானிக்கோ இது ஜீப் இல்லை என்று கும்பிட்டு விலகியவன். கிட்டத்தட்ட நாலு வருஷமாக யாரும் அங்கே பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஓட்டைக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. எலிக்கூடு என்று நினைத்தேன். டிஸ்பென்சரி ஃபோர்செப்ஸ் இடுக்கியை விட்டு இழுத்தேன்.

வந்தது ஒரு முடிச்சு. காயத்துக்குக் கட்டுகிற துணியை நாலாக மடித்து, நுனியை உள்ளே சொருகி இறுக்கிய முடிச்சு. முப்பது வருஷமாக நான் போடுகிற கட்டு. எத்தனை மக்கியிருந்தாலும் என் கைக்கட்டு எனக்குத் தெரியாதா?

படுத்தபடியே எல்லாம் ஞாபகம் வந்தது. படுதா தைத்த அந்த வருஷம், முதல் மழையில் பத்து நாள் கார் ஒழுகவே இல்லை. நீ அதை எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டாய். அப்புறம் ஒருநாள் என்னைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனாய். திரும்பி வரும்போது என் கணுக்காலில் அட்டை. வீட்டில் இறங்கிக் குனிந்து பார்த்தால் அந்த ஓட்டை வாயில் இன்னொரு அட்டை நெளிந்துகொண்டிருந்தது. இதன் வழியாகத்தான் ஏறுகிறது என்று முடிவு கட்டினேன். காட்டுக்குப் போகிற பெண்கள் அட்டை ஏறாமல் காலில் தேய்க்க உப்பும் புகையிலையும் முடிந்து வைப்பார்களே, அதே மாதிரி இரண்டு முடிச்சுப் போட்டு இரண்டு ஓட்டையிலும் திணித்தேன். உன் காரில் கை வைத்தால் நீ கத்துவாய் என்று சொல்லவில்லை. அப்புறம் மறந்தே போனேன். தண்ணீர் வெளியே போகிற வழியை நான் அடைத்திருக்கிறேன். தகடு துருப்பிடிக்க உப்பையும் நானே வைத்திருக்கிறேன்.

அட்டை செருப்பில் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதைத் தினமும் நாலு பேருக்குச் சொல்கிறவள் நான்.

மற்ற ஓட்டையில் இருந்ததையும் இழுத்துப் போட்டுவிட்டு, மதினியிடம் முதல் முடிச்சைக் காட்டினேன். "தூரப் போட்டுரு. போனவரு போயிட்டாரு. இதச் சொன்னா அவரு பேருதான் கெடும்" என்றார். இரண்டு நாள் அது என் மேசையில் கிடந்தது. வெளியே சொன்னால், நீ ஒரு நல்ல கைக்காரனைக் காரணமில்லாமல் ஊர் நடுவில் அவமானப்படுத்தினாய் என்றாகும். சொல்லாவிட்டால், அவர் அந்த அவமானத்தோடேயே சாவார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நீ பெரிய கோபக்காரன்தான், ஆனால் பொய்க்காரன் இல்லை. அதை நம்பித்தான் மூன்றாம் நாள் சாவியை எடுத்தேன்.

அந்தக் காரை ஓட்டுவது தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது. வழி முழுக்க மழை. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கடை வாசலில் அந்தக் கார் வந்து நின்றதும் முருகேசன் அண்ணன் எழுந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். "வாங்க தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வெளியே போய், மழையில் நின்றபடி படுதாவின் தையலை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"மூணாந்தடவ பிரிச்சுத் தைக்கும்போது எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எங் கை போச்சாக்கும்னு நெனச்சேன். அதுக்கப்பறம் படுதா எதையும் எடுக்கல தங்கச்சி. சீட்டு உறையும் பையுந்தான்."

அப்போதுதான் கடைக்குள் பார்த்தேன். சுவர் முழுக்கப் பள்ளிக்கூடப் பைகள் தொங்கின. மன்னிச்சிருங்கண்ணே என்றேன்.

"அவன் உசுரோட இருக்கப்ப வந்துருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நீ பேசிய அதே டீக்கடைக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றார், விடவில்லை. இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "முருகேசன் அண்ணன் தச்ச படுதா ஒழுகல. தண்ணி போற ஓட்டைய அடச்சது நான். எங்க அண்ணன் அன்னைக்கு இங்க சொன்னது தப்பு." ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஜீப்காரர், "அப்ப என் வண்டிக்குப் படுதா தைப்பியாய்யா? கம்பத்துல குடுத்தது கிழிஞ்சு தொங்குது" என்றார். "பாப்போம்" என்றார் முருகேசன் அண்ணன். ஆனால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய் அந்த ஜீப்பை அளவெடுத்தார்.

அண்ணே, உன் பேரைக் கெடுத்துவிட்டேன். பாதிப் பழி உனக்கும் உண்டு, தப்பிக்கப் பார்க்காதே. வண்டியில் யாராவது கை வைத்தீர்களா என்று ஒரு வார்த்தை வீட்டில் கேட்டிருக்கலாம் நீ. மீதிப் பழி என்னுடையது. அதை நான் சுமந்துகொள்கிறேன்.

நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். உன் அடக்கத்தன்று சர்ச் கேட் வரைக்கும் வந்தாராம். "உள்ள வந்தா அந்தப் பய பெட்டிய விட்டு எந்திரிச்சு ஏசுவான்னு இருந்துச்சு. திரும்பிட்டேன்." சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்புறம் இரண்டு பேராலும் அழாமல் இருக்க முடியவில்லை.

உன் வருஷ நினைவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அன்றைக்கு உன் காரில் முருகேசன் அண்ணனை நானே அழைத்து வருவேன். கேட்டோடு நிற்க விடமாட்டேன். கல்லறை வரைக்கும் கூட்டி வந்து உன் முன்னால் நிறுத்துவேன். அவர் உன்னை என்ன வேண்டுமானாலும் ஏசட்டும், கேட்டுக்கொள். நீ திருப்பி ஏச மாட்டாய் என்பதுதான் அண்ணே, என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லாமல் செய்து, சொல்ல வேண்டியதைப் பிந்திச் சொன்ன
உன் ஒரே தங்கச்சி,
ஸ்டெல்லா