பச்சை தெரியாத தட்டு

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து குப்பி வந்தது. அரை லிட்டர், வைக்கோல் நிறம். இன்று காலை அத்தையின் வயிற்றிலிருந்து எடுத்த நீர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக மாமியாரை அத்தை என்று கூப்பிடுகிறேன். அவருடைய புற்றுச் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்க்கப்போவது நான்தான் என்று யார் நினைத்தது?

எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “சொந்தக்காரங்க சாம்பிள்னா கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும்” என்றார். இந்தச் சோதனையை முழுசாகச் செய்யத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அதனால் கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ரிப்போர்ட் டாக்டருக்குப் போகும்.

மார்ச் 6

“என் கட்டியை வச்சுக்கிட்டு நீ என்னதான் பண்றே?” என்று அத்தை கேட்டார். முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவர். மழுப்பினால் விடமாட்டார்.

“பச்சையா ஒளிர்ற ஒரு மரபணு இருக்கு அத்தை. அதை நாங்க வேணும்னே நடுவுல கெடுத்து வச்சிருக்கோம். பக்கத்திலயே சரியான துண்டு ஒண்ணும் இருக்கும். இதை உங்க செல்லுக்குள்ள அனுப்பி, கெட்ட இடத்தை வெட்டற கத்தரி ஒண்ணையும் அனுப்புவோம். ரிப்பேர் தெரிஞ்ச செல் பக்கத்துத் துண்டைப் பார்த்துச் சரிபண்ணிக்கும், பச்சையாத் தெரியும். தெரியாத செல் இருட்டாவே கிடக்கும்.”

“மூலப்பிரதியைப் பார்த்துத் திருத்தற மாதிரி. சரி, என் செல்லுக்குத் திருத்தத் தெரியணும்னு வேண்டிக்கவா, தெரியக்கூடாதுன்னு வேண்டிக்கவா?”

தெரியக்கூடாது. அதுதான் இதில் விசித்திரம். செல்லுக்கு ரிப்பேர் வழிகள் பல. டாக்டர் தர நினைக்கும் மாத்திரை அதில் ஒன்றை அடைக்கும். பக்கத்துத் துண்டைப் பார்த்துத் திருத்தும் இந்த வழியும் ஏற்கெனவே பாழாகியிருந்தால் செல் மீளாது, செத்துப்போகும். இந்த வழி நன்றாக இருந்தாலோ மாத்திரை வீண்.

“ஆக, ஒருத்தர் தப்பை அப்படியே விடணும்னு நான் ஆசைப்படறது இதுதான் முதல்தடவை” என்றார். சிரித்தால் வயிறு வலிக்கிறது. பிடித்துக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 10

செல்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் பரவவில்லை. கொத்துக் கொத்தாய், கல்யாண வீட்டில் பேசி முடியாத சொந்தக்காரர்கள் மாதிரி.

எண்ணிக்கையும் குறைவு. மூன்று தட்டு போட வேண்டும், இரண்டுக்குத்தான் வரும். மூன்றாவது தட்டில் கத்தரியோடு ஒரு சிவப்பு மரபணுவைச் சேர்த்து அனுப்புவோம். சிவப்புத் தெரிந்தால் கத்தரி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் என்ன? ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் செல்களில் கத்தரி போகாத நாளே இல்லையே. சிவப்புத் தட்டை விட்டுவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இருட்டு!

பக்கத்தில் ரிப்பேர் தெரிந்த ஆய்வகச் செல்களிடையே பச்சைப் புள்ளிகள் மின்ன, அத்தையின் தட்டில் ஒன்றுகூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலத்துக்குள் நாத்தனார் வரை செய்தி போய்விட்டது.

மேடம் வெளியூரில். ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கள் வருவார்.

மார்ச் 14

நல்ல தூக்கம்.

மார்ச் 15, சனி

“எத்தனை செல்லு பச்சையாச்சு?” என்று அத்தை கேட்டார்.

“ஒண்ணுகூட இல்ல!”

“ஒண்ணுகூடவா?” முகம் மலரவில்லை. “ஒரு திருத்தம்கூட இல்லாம புரூஃப் திரும்பி வந்தா எனக்குச் சந்தோஷமா இருக்காதும்மா. ஆளு படிச்சாரா, தூங்கிட்டாரான்னுதான் முதல்ல பார்ப்பேன். உன் கத்தரி வெட்டுச்சான்னு பார்த்தியா?”

பார்க்கல. பார்க்கவே இல்ல. எவ்வளவு கெட்டுப்போன செல்லும் ரெண்டு மூணு பச்சை காட்டும், சுத்தமாப் பூஜ்யம்னா சந்தேகப்படணும்னு எனக்குத் தெரியாதா? புதுசா வர்றவங்களுக்கு நானேதானே சொல்லித் தர்றேன்? கொத்துக்குள்ள கத்தரி போகவே இல்லாம இருக்கலாம். வேற சோதனையில சொதப்பினா முடிவே காட்டிக்கொடுத்துடும். இதுல சொதப்பலும் இருட்டு, நல்ல செய்தியும் இருட்டு. எனக்கு வேண்டியது இருட்டு. அப்புறம் எங்க பார்ப்பேன்?

மார்ச் 17, திங்கள்

மேடம் வந்ததும் நானே போய்ச் சொன்னேன். “செல்லை மிச்சம் பிடிக்கப்போய் பதிலைக் கோட்டை விட்டுட்டே” என்றார். ரிப்போர்ட்டை என் கையிலேயே கொடுத்தார். மறுபடி நீர் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குக் கோபம். “இன்னும் பத்து நாளா? மாத்திரையைக் கொடுத்துத்தான் பார்த்தா என்ன?” மாத்திரை கேட்கவில்லை என்று தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அவ்வளவு மாதத்தை வீணாக்க அத்தையால் முடியாது. இதை வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

மார்ச் 20

புது நீர். போன தடவையைவிட அதிகம். எனக்கு வசதி, அத்தைக்கு நல்லதில்லை.

மார்ச் 25

கொத்தைப் பிரிப்பது பெரும்பாடு. நொதியில் பத்து நிமிடம் வைத்தால் அசையவில்லை, இருபது வைத்தால் செத்துவிடுகின்றன. பதினான்கில் பிரிந்தன, உயிரோடு! நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அத்தை படுத்த படுக்கையாக இருக்கும்போது எனக்கு இது எப்படி இவ்வளவு சுவாரசியமாக இருக்கிறது? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளை எப்போது விடியும் என்று இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

சிவப்பு. தட்டு முழுக்க. கத்தரி உள்ளே போயிருக்கிறது.

நுண்ணோக்கியைப் பச்சைக்கு மாற்றக் கை வரவில்லை — மாற்றினேன்.

பச்சை. நூற்றுக்குப் பதினொன்று. ஆய்வகச் செல்களுக்குச் சமமாக. அத்தையின் செல்களுக்குத் திருத்த நன்றாகவே தெரிகிறது. மாத்திரை அவருக்கு உதவாது.

அழகாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். மேடம் தானே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 29

“அப்போ என் கட்டி கெட்டிக்காரக் கட்டின்னு சொல்றே” என்றார் அத்தை. “சரி. வேற என்ன வச்சிருக்காங்க?”

வேறு ஒரு ஊசி மருந்து இருக்கிறதாம். மாத்திரை உதவும் என்று நம்பி அதைத் தள்ளி வைத்திருந்ததாகச் சொன்னார் டாக்டர். கடுமையான மருந்து. திங்களே ஆரம்பிக்கிறார்கள்.

ஏப்ரல் 11

வாந்தி. முடி கொட்டுகிறது. வீட்டில் யாரும் சோதனையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏப்ரல் 30

இரண்டு இட்டிலி அளவுக்குக்கூடச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு அத்தை என்னைத்தான் திட்டினார். பரவாயில்லை, திட்டத் தெம்பு இருக்கிறது.

மே 20, செவ்வாய்

மருந்துக்குப் பிறகு செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க மேடத்துக்கு ஆசை. எனக்கும்தான். குப்பியில் லேபிள் ஒட்டி எடுத்துக்கொண்டு அத்தையோடு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் இங்கும் அங்கும் நகர்த்தினார். மறுபடியும் நகர்த்தினார். எடுத்து வைத்திருந்த ஊசியை மூடிவிட்டார்.

“எடுக்கறதுக்கு நீரே இல்லையே” என்றார்.

அத்தை திரும்பி என் மடியில் இருந்த குப்பியைப் பார்த்தார். “பாவம், உன்னை வெறுங்குப்பியோட திருப்பி அனுப்பறேன். உங்க மேடம் திட்ட மாட்டாங்களா?”

“திட்டட்டும் அத்தை” என்றேன்.