பச்சை ஒயரை நான் வெட்ட விடவில்லை

என் செல்ல அப்பாவுக்கு,

நம் டிபன் வண்டி மறுபடியும் ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. ஓட்டுவது சித்தப்பா. தோசை ஊற்றுவது அம்மா. எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் தட்டு கழுவுகிறேன். நான் யாரிடமும் பேச மாட்டேன், உனக்குத் தெரியும். போன திங்கட்கிழமை பேசிவிட்டேன்.

நீ போன அன்று சபையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றார்கள். அம்மா தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. கர்த்தரா அப்பா அந்தப் பச்சை ஒயரை வெட்டினார்?

வெட்டியது நீ. வண்டியில் ஃபிரிட்ஜைப் போட்டாலே, நமக்குக் கரண்ட் கொடுக்கும் சலீம் பாய் கடையில் ஃபியூஸ் போனது. தினமும் அவரைப் பேஜார் பண்ண உனக்குக் கூச்சம். பிளக்கைத் திறந்து அந்தப் பச்சை எர்த் ஒயரை வெட்டினாய். ஃபியூஸ் போவது நின்றது. கோளாறும் போய்விட்டது என்று நினைத்தாய். ஃபியூஸ் ஏன் போகிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கக் கூடாதா?

பிறகு வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் விளக்கினார். வண்டித் தகரம் முழுக்கக் கரண்ட். டயர் ரப்பர் என்பதால் அது மண்ணுக்கு இறங்கவில்லை. உள்ளேயே நின்ற உனக்கு ஒன்றும் தெரியவில்லை. மழை விட்ட அந்தக் காலையில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஈரத் தரையில் காலை வைத்தாய். கரண்ட் மண்ணுக்கு இறங்க உன் உடம்பு வழியாகிவிட்டது.

பச்சை ஒயரை அவர் திரும்ப மாட்டிக் கொடுத்தார். ஃபிரிட்ஜைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்றார். சித்தப்பா காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஃபிரிட்ஜைப் போட்டதும் ஃபியூஸ் போனது. பாய் மாற்றினார். மறுபடியும் போனது. ஷிப்டுக்குப் போகும் பெண்கள் டீக்கு நின்றிருந்தார்கள். சித்தப்பா கட்டிங் பிளேயரை எடுத்தார். நான் பிளக்கைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"கொடு இங்க. அண்ணனே வெட்டித்தானே ஓட்டுனாரு. நீ இன்னா பெரிய இன்ஜினியரா?"

"வெட்டுனதாலதான் செத்தாரு சித்தப்பா."

எல்லோருக்கும் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்தாள். தையல் செக்‌ஷன் அக்கா ஒருத்தி, டீ இல்லாமல் யாரும் சாகப்போவதில்லை, கரண்ட் அடித்தால்தான் சாவு என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குள் போனாள். அன்றைக்கு வியாபாரம் இல்லை. சித்தப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கென்ன புதுசா?

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து ஃபிரிட்ஜைக் கழற்றினார். கோளாறு அதற்குப் பின்னால்தான் இருந்தது அப்பா. தகரத்தில் போட்ட ஓட்டை வழியாக வரும் ஒயர், வண்டி குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. ஒயரை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் போட்டாயிற்று. கரண்ட் கசிந்தால் தானே விழும் டிரிப் சுவிட்சைப் பாய் தன் கடையில் வைத்துவிட்டார். இப்போது ஃபிரிட்ஜ் ஓடுகிறது. பச்சை ஒயரும் இருக்கிறது.

பக்கத்து ஜூஸ் வண்டி அண்ணனின் பிளக்கை நேற்று திறந்து காட்டச் சொன்னேன். "வந்துட்டாங்கப்பா ஈபி ஆபீசர்" என்று சிரித்தார். திறந்தார். அதிலும் பச்சை ஒயர் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். அது இருக்கும்வரை, பாய் கடையில் கரண்ட் எடுக்கும் எந்த வண்டியும் பச்சை ஒயர் இல்லாமல் எடுக்காது. பிளக்கைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன், யார் சிரித்தாலும்.

நீ வாயில்லாப்பூச்சி என்று கூப்பிட்ட
உன் சின்ன மகள்,
எஸ்தர்