ஆறாட்டு நாளில் எடுத்த டிக்கெட்

அன்பு மகள் நீதுவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே மக்களே. ஆக்லாந்தில் உனக்கு விடிந்திருக்கும், இங்கே அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார். நாங்கள் இருவரும் சுகம், உன் வயிற்றுவலி கொஞ்சமாவது தணிந்ததா என்பதே என் நினைப்பெல்லாம். போனில் சொல்லலாம், ஆனால் நான் அழுவேன், நீ உடனே “நீ வரண்டாம்மா, ஷிஜா கூட இருப்பா” என்று வைத்துவிடுவாய்.

புதன்கிழமை சாயங்காலம் புறப்பட்டு வியாழன் ராத்திரி உன்னிடம் வந்துவிடுவேன், வெள்ளி காலை ஆபரேஷனுக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன் என்று சொன்னேனே, அது முடியாது போலிருக்கிறது. நாள் பார்த்தது அப்பாதான். “பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது, அதிலயும் ஆறாட்டு நாளாக்கும்” என்று அவரே டிக்கெட் போட்டார். ஆறாட்டுக்குப் பத்மநாப சுவாமி கடலாடப் போகும்போது விமானம் எதுவும் ஏறாது இறங்காது என்பது இந்தக் கோட்டைக்குள் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? வருஷம் தவறாமல் சாலை பஜாரிலுள்ள நம் கடையை அடைத்துவிட்டு ஏர்போர்ட் ரன்வே வழியாகவே சங்குமுகம் கடற்கரை வரை சாமிக்குப் பின்னால் நடக்கிற மனுஷன், மக்களே! தம்பானூர் டிராவல்ஸில் ரெம்யா சிரித்தேவிட்டாள், “சேச்சி, சாமிக்கு வழியும் விடணும், அதே வழியில பறக்கவும் செய்யணுமோ?” என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானத்தை ராத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள், சிங்கப்பூரில் அடுத்தது தப்பிவிடும், அதற்கப்புறம் கிடைப்பது உன்னிடம் சேர வெள்ளி ராத்திரி ஆகும். முந்தின நாள் சீட் இல்லை, கொச்சி வழியும் இல்லை.

இன்டர்நெட்டில் போட்டுப் பார்த்தேன், நம்ம ஊரிலிருந்து ஆக்லாந்து பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம், பதினான்கு மணி நேரமாம், ஒரே ஒரு வளைந்த கோடு. அந்தக் கோட்டில் போக விமானம்தான் இல்லை. பெட்டி கட்டியாகிவிட்டது, விசா கையில் இருக்கிறது, ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானச் சத்தம் மாடியில் கேட்கிறது, நான் மட்டும் அடைபட்ட கோழி மாதிரி அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடக்கிறேன். அப்பா மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. “கொச்சுகிட்ட சொல்லாத, பிள்ளை பயந்துடும்” என்கிறார். நீ பயப்பட மாட்டாய், எனக்குத் தெரியும். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் உன் அறைத்தோழி ஷிஜா இருப்பாள், நல்ல பெண்தான். ஆனால் உன் வயதில் நான் உன்னைப் பெற்றுக் கண் திறந்தபோது என் அம்மாவின் முகத்தைத்தான் தேடினேன்.

சின்னக் கட்டிதான், அவசரமில்லை என்று டாக்டரம்மா சொன்னதாக நீயே சொன்னாய். அப்படியானால் திங்கட்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று அவர்களிடம் கேள். கேட்க வெட்கப்படாதே, அம்மா வருகிறாள் என்று சொல். தள்ளக்கூடாது என்று அவர்கள் சொன்னால் எனக்காகத் தள்ளாதே, வெள்ளி ராத்திரி வந்து சேருகிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. பத்மநாபன் உனக்குத் துணையிருக்கட்டும், அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
ஸ்ரீப்ரியா