செல்லா, சொல்லா?

ஜூன் 2, செவ்வாய்

இன்றும் கர்த்தர் ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன். கேட்டவை: மாடி வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம், குளிர்பதனப் பெட்டியின் முனகல், பிறகு "என் இன்னொரு காலுறை எங்க?" — இது என் கணவர். நிச்சயமாகக் கர்த்தர் இல்லை.

இந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் போதகர் தந்த வீட்டுப்பாடம். வயதில் என் கடைசித் தம்பியை விடச் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை ஐயா என்பேன். "ஜெபத்துல நாமளே பேசி, நாமளே ஆமென் போட்டு எழுந்துடுறோம்கா. அவர் பேச கொஞ்சம் இடைவெளி விட வேணாமா? மனசுல விழுறத ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே காதுதான். செவித்திறன் பரிசோதனை. பதினெட்டு வருடமாகக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் காது கேட்கிறதா என்று பார்க்கிறேன். எனக்குத்தான் செவிடன் காதில் ஊதிய சங்கு. (எங்கள் கிளினிக்கில் இந்தப் பழமொழிக்குத் தடை. டாக்டர் முறைப்பார்.)

ஜூன் 4, வியாழன்

இன்று ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எந்தச் சத்தமும் அனுப்பவில்லை. மனிதர் டக் டக்கென்று அமுக்குகிறார்.

"ஐயா, சத்தம் வராதப்பவே அமுக்குறீங்களே?"

"எப்படியும் வரத்தானேம்மா போகுது? அதான் முன்கூட்டியே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். "அக்கா குடும்பத்தோட வெளிநாட்டுக்குக் கிளம்புறா. இருபத்தேழாம் தேதி. அங்கேயே இருக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை, இருபதாம் தேதி, வீட்டுல வழியனுப்பு ஜெபம்."

"என்னை வரச் சொன்னாளா?"

"வரச் சொல்லல. வராதன்னும் சொல்லல."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாவம் அம்மா.

அக்காவும் நானும் பேசி எட்டு மாதம். ஏன் என்று இங்கேயாவது பொய்யில்லாமல் எழுதுகிறேன். அக்காவிடம் கர்த்தர் எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார் — எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பல் டாக்டர், ஜன்னல் திரைக்கு என்ன நிறம். அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில், உறவுக்காரர்கள் நடுவே, நான் கண்ணை மூடிக் கையை உயர்த்தி அக்காவின் குரலிலேயே, "'மகளே, திரை பச்சையா இருக்கட்டும்'னு கர்த்தர் உணர்த்தினார்" என்றேன். நடிப்பு பிரமாதமாக வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு பட்டென்று நின்றபோது திரும்பிப் பார்த்தேன். அக்கா கேக் தட்டுகளோடு பின்னால் நிற்கிறாள். தட்டுகளை மேசையில் வைத்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு திட்டி அன்றைக்கே சமாதானமாகியிருப்போம். அவள் திட்டவில்லை. அதனால் எனக்குக் கோபம். இது நியாயமா? இல்லைதான். இருந்தாலும் கோபம்.

ஜூன் 9, செவ்வாய்

பதினைந்து நிமிடமும் கர்த்தரிடம் என் பக்க நியாயத்தை விளக்கினேன். இடைவெளி விட மறந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

கேட்டது! இன்று கேட்டது!

காதில் அல்ல. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ, ஒரே ஒரு வார்த்தை. நான் நினைத்து வந்ததில்லை, சத்தியமாக. அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. நோட்டோடு ஓடினேன், ஓடிக்கொண்டே கிறுக்கினேன், பாத்திரத்தை இறக்கினேன், பால் தெறித்து நோட்டின் மேல் விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன். கொம்பு இருக்கிறது. 'ச' இருக்கிறது. 'ல்' இருக்கிறது. நடுவில் பால்.

அங்கே ஒரு துணைக்கால் இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் 'சொல்'. இல்லையென்றால் 'செல்'. பால் பொங்கிய பதற்றத்தில் கேட்ட வார்த்தையும் மறந்துவிட்டது! நாற்பத்தாறு வருடத்தில் முதன்முதலாகக் கர்த்தர் பேசுகிறார், நான் அவருடைய துணைக்காலைப் பாலில் கரைத்திருக்கிறேன்.

ஜூன் 13, சனி

யோசித்துவிட்டேன். 'செல்'தான்.

இருபதாம் தேதி எங்கள் கிளினிக்கில் எல்லோரும் அருவிக்குப் போகிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். கணவர் நாளிதழை மடித்தார்.

"அன்னைக்குத்தானே உங்க அக்கா வீட்டு ஜெபம்?"

"செல்லுன்னு சொன்னா செல்லணும்ல?"

"கர்த்தர் அருவிக்கெல்லாமா ஆள் அனுப்புவார்?"

"அருவிய படைச்சது யாராம்?"

மனிதர் நாளிதழை மறுபடி விரித்துக்கொண்டார். ஒரு தொப்பியும் வாங்கிவிட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

நடத்துநர் மறுபடி வந்தார். இன்று வார்த்தைச் சோதனை. அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் "கல்" என்றேன். "பல்!" என்றார். "பாடம்" என்றேன். "படம்!" ஒவ்வொன்றையும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில், முகமெல்லாம் பிரகாசமாக, தப்பாகச் சொன்னார். கடைசியில் "குருவி" என்றேன். தலையைச் சாய்த்தார். முகத்தைச் சுளித்தார். "குருவின்னு... சொன்னீங்களாம்மா? அப்படித்தான் கேட்டுச்சு. நிச்சயமா தெரியல."

சரியான விடை.

பதினெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது. ஊகிப்பவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்டவர்கள்தான் இப்படி மென்று விழுங்குவார்கள். நான் 'செல்'லை எவ்வளவு சந்தோஷமாகப் படித்தேன்! 'சொல்' என்று நினைத்தாலே என் முகம் சுளிக்கிறது. அக்காவிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஐயோ.

ஜூன் 17, புதன்

நோட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் இன்னும் 'செல்' மாதிரிதான் தெரிகிறது.

ஜூன் 20, சனி

வண்டியில் ஏறிவிட்டேன். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். தொப்பி, தோளில் துண்டு, மடியில் பிஸ்கட் பொட்டலம். எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. பெட்ரோல் போட நிறுத்தியபோது, "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க போங்க" என்று இறங்கிவிட்டேன். கர்த்தர் பெயரைச் சொல்லி ஏறி, பொய் சொல்லி இறங்கியவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

அக்கா வீட்டில் இன்னும் கூட்டம் சேரவில்லை. உள்ளறையில் தனியாக, பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை:

"என்னடி, குளிக்கவா வந்த?"

வழியெல்லாம் தயார் செய்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. "மன்னிச்சிடுக்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இந்த ஒரு வார்த்தைக்கு எட்டு மாசமாடி உனக்கு?" என்று அழுதாள். "அத்தனை பேர் முன்னாடி, என் குரல்லயே..." நானும் அழுதேன். துண்டு உபயோகப்பட்டது. இரண்டு பேரும் அதிலேயே மூக்கைச் சிந்தினோம்.

பிறகு அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். "ஒண்ணு சொல்லவா? திரை விஷயத்துல கர்த்தர் ஒண்ணுமே சொல்லல. எனக்குப் பச்சை பிடிக்கும், அவ்வளவுதான். நான் சொன்னா இந்த வீட்டுல யாரு கேக்குறா? கர்த்தர் சொன்னார்னாதான் மாமியார் வாய் மூடும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் உதடு கோணிக்கொண்டது.

"இந்தப் பயணத்துக்கு மட்டும் நிஜமா கேட்டேன்டி. மூணு மாசமா கேக்குறேன். ஒரு சத்தம் இல்ல. எல்லார்கிட்டயும் அவர் போகச் சொன்னார்னு சொல்லி வெச்சுட்டேன். பயமா இருக்கு."

என் அக்கா, எதற்கும் பயப்படாத என் அக்கா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, இவளுக்குப் பயமா இருக்கு. நீங்க கூடப் போங்க. இவ இல்லாம இங்க இருக்க எனக்கும் பயமா இருக்கு. ஆமென்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா வருது. மீதிய நீ பண்ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையை விடவில்லை. வெளியே அம்மா "எங்க போனா இவ?" என்று தேடும்வரை அப்படியே இருந்தோம்.

பால் கதையை அவளிடம் சொல்லவில்லை. கர்த்தர் சொல்லித்தான் வந்தேன் என்றால், "அப்போ உனக்கா தோணலையா?" என்று கேட்பாள். அவளைத் தெரியாதா எனக்கு!

ஜூன் 27, சனி

விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். நல்லவேளை.

ஜூலை 12, ஞாயிறு

அக்காவிடமிருந்து குரல் செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சபை சின்னதுடி, முப்பது பேர்தான். போன முதல் நாளே, கர்த்தர் எனக்குச் செஞ்சத எழுந்து சாட்சி சொல்லச் சொல்லிட்டாங்க. நான் வழக்கமா நீட்டி முழக்குவேன்ல? நாக்கே எழும்பல. 'கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கர்த்தர் என்கிட்ட பேசினார்'னு மட்டும் சொன்னேன். முன் வரிசையில இருந்த ஒருத்தர், என்ன பேசினார்னு கேட்டார். 'மன்னிச்சிடுக்கா'ன்னு சொன்னார்னேன். எல்லாரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்குறாங்க. 'கர்த்தர் உங்கள அக்கான்னா கூப்பிட்டார்?'னு கேக்குறார் அந்த மனுஷர். ஆமாங்க, தொப்பி போட்டுட்டு வந்து கூப்பிட்டார்னேன்."

ஐந்தாவது முறை போட்டபோது கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, சரியா கேக்கலையா?"

கேட்கிறது. அழுகை வருவதால் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன்.