ரொமிக்குக் கச்சான் ஆகாது

இன்று விடிந்ததும் கச்சான் காற்று கிளம்பிவிட்டது. மேற்கு ஜன்னலைத் திறந்தேன். வாவி ஓரத்துச் சேறு காய்கிற மணம் வீட்டுக்குள் வந்தது. ரொமி மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தொங்கப்போட்டபடி நேரே குளியலறைச் சீமெந்துத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ போய் ஒரு வருடமாகியும், கச்சான் என்றால் எனக்கு முதலில் வருவது சிரிப்புத்தான். கோவிக்காதே.

பண்டாரவளையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவள் நீ. புளியந்தீவில் எனக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தாய். நீ வந்த வருடத்து ஓகஸ்ட் விடுமுறைக்கு நான் களுதாவளைக்கு அம்மாவிடம் போனபோது, ரொமியை உன்னிடம் விட்டேன். பஸ் வந்துவிட்ட அவசரத்தில், "இவனுக்குக் கச்சான் ஆகாது கா, கவனம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர், வெயில் காலத்தில் அடிக்கிற சுடுகாற்றுக்கும் அதே பெயர்; எதைச் சொல்கிறோம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரிந்ததோ தாள் சுருளில் வாங்கித் தின்கிற கச்சான் மட்டும்.

மறுநாள் மத்தியானம் தொலைபேசியில் உன் குரல் நடுங்கியது. "ரொமி பயங்கரமா மூச்சு வாங்குறான்டி. எச்சி வடியுது, நிக்க முடியாம தள்ளாடுறான். சத்தியமா நான் ஒரு கச்சான்கூட குடுக்கல. டப்பாவ அலுமாரிக்கு மேல தூக்கி வச்சிட்டேன்!"

"அவன எங்க கா கட்டியிரிக்காய்?"

"பின்பக்கம், தகரக் கொட்டிலுல. நல்லா காத்து வருதேன்னு..."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அடியேய், தின்னுற கச்சான் இல்ல, வீசுற கச்சான்! அவன உள்ளுக்குத் தூக்கு. கிணத்துத் தண்ணிய வயித்திலயும் காலிலயும் ஊத்து, ஃபேனைப் போடு. பிறகு ஓட்டோ பிடிச்சு மிருக வைத்தியரிட்டக் கொண்டு போ. நான் வாறன்."

நான் வைத்தியரிடம் வந்து சேர்ந்தபோது, உடுப்பெல்லாம் நனைந்து, அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் வைத்தியர், இனிப் பயமில்லை என்றார். நீ கண்ணைக்கூடத் துடைக்கவில்லை, அதற்குள் கேள்வி.

"நாய்க்கு வேர்க்காதா டொக்டர்?"

"பாதத்தில கொஞ்சம் வேர்க்கும். மத்த சூடெல்லாம் மூச்சாலதான் போகணும்."

"அப்ப இந்தச் சுடுகாத்த இழுத்து அது எப்படித்தான் ஆறும்?"

அதன் பிறகு உன் விடுமுறையெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் போனது. எந்த நேரத்தில் அவன் எங்கே படுக்கிறான் என்று பின்னாலேயே திரிந்தாய். வெயிலில் இருந்த தண்ணீரை ஏன் தொடுவதில்லை, மண்சட்டியில் வைத்தால் குடிப்பானா, நிழலுக்கு நகர்த்தினால் போதுமா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாய். ஒருநாள் மத்தியானம் என் தம்பி குளியலறைக் கதவைத் திறந்து அலறியே விட்டான். உள்ளே ரொமிக்குப் பக்கத்தில் நீ தரையில் கிடந்தாய். "இவன் சொல்றது சரிதான்டி, வீட்டுலயே இங்கதான் குளிரு" என்றாய், எழும்பாமலே.

பின்னேரம் அவனை வாவிக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவோம். கேற்றைத் தாண்டுமுன், அவன் பாதத்துக்குச் சுடுமா என்று குனிந்து புறங்கையைத் தார் வீதியில் வைப்பாய். "இன்னும் சுடுது. பொறு." தெருவால் போகிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டாய் என்று நினைத்துத் தாங்களும் குனிந்து தேடுவார்கள். வீதி ஆறும்வரை வாசல்படியில் இருந்து கதைப்போம். உன் கைகூடாத கல்யாணம், என் மகன் வெளிநாடு போனது, அதிபரின் கோபம் எல்லாம் அந்தப் படியில்தான் பேசி முடிந்தன. உன்னைக் கொண்டுபோன அந்த வருத்தத்தையும் முதன்முதலில் அங்கேதான் சொன்னாய், ரொமியின் காதைத் தடவிக்கொண்டு.

இன்று பின்னேரம் நானும் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. ரொமிக்கு வயதாகிவிட்டது, இந்தக் கச்சானைத் தாண்டுவானோ என்று பயமாக இருக்கிறது. அதனால் அவசரப்படாமல் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். வீதி ஆறுவதற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் என்று, நீ பக்கத்தில் இருந்த ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததே இல்லை.