என் பேரில் இன்னொரு எண்

மே 12, திங்கள்

காலையில் போன் கம்பெனியிலிருந்து மூன்றாவது குறுஞ்செய்தி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் வந்து, உங்கள் பேரில் உள்ள எண்களை 31-க்குள் உறுதிப்படுத்துங்கள், தவறினால் துண்டிக்கப்படும் என்று. பதினாறு வருஷமாக ஒரே எண். ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போட்டுத்தான் பிழைக்கிறேன். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் எத்தனையோ சமையலறைச் சுவர்களில் "நர்ஸ் நஸீஹா" என்று அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் நான்தான் என்று இப்போது போய் நிரூபிக்க வேண்டுமாம்.

மே 14, புதன்

இரண்டரை மணி நேரம் வரிசை. என் முறை வந்தது. "சிஸ்டம் போச்சு மேடம். நாளைக்கு வாங்க."

மே 15, வியாழன்

சிஸ்டம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். கவுண்டர் பெண் என் அட்டையைப் பார்த்துத் தட்டினாள்.

"உங்க பேர்ல ரெண்டு லைன் இருக்கு மேடம்."

"ஒண்ணுதாம்மா."

"ரெண்டு. இன்னொண்ணு ஆறு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு."

ஆறு வருஷம்! யோசித்தேன். அப்போதுதான் போனைத் தொலைத்துவிட்டுச் சந்தைக் கடை ஒன்றில் என் பழைய எண்ணுக்கே புது சிம் வாங்கினேன். கடைக்காரன் அட்டையை நகல் எடுத்துக்கொண்டான். எதற்கு இரண்டு நகல் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டையும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது இரண்டாவதை மறுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் இரண்டுமே போய்விடும். "மறுக்கிறேன், படிவம் குடு" என்றேன். அதற்குக் காவல் நிலையக் கடிதம் வேண்டுமாம். காவல் நிலையத்துக்குப் போனால், "இங்க இல்ல, நீங்க குடியிருக்கிற ஏரியா ஸ்டேஷனுக்குப் போங்க." அங்கே போனபோது கடிதம் எழுதுபவர் சாப்பிடப் போயிருந்தார். நான்கு மணிக்கும் சாப்பாடு முடியவில்லை. இன்று மட்டும் மூன்று நோயாளிகளுக்குத் தாமதம்.

மே 16

தாங்க முடியவில்லை. கவுண்டர் பெண் காட்டிய அந்த எண்ணையே கூப்பிட்டேன், நாலு வார்த்தை திட்டலாம் என்று. எடுத்தவர் வயதான மனிதர். பின்னால் அலைச் சத்தம்.

பெயர் ஹம்தாவாம். கெர்க்கென்னா தீவு, கணவாய் மீன் பிடிக்கிறவர். சிம்மைச் சந்தையில் வாங்கினாராம், யாரும் அட்டை கேட்கவில்லையாம். திட்டத் தொடங்கியதுமே, "வெட்டிடாதே தங்கச்சி" என்றார்.

"வேற நம்பர் வாங்கிக்கோங்க அண்ணே. எனக்கென்ன?"

"என் பொண்ணுக்கு இந்த நம்பர்தான் தெரியும்."

மகள் ஒல்ஃபா. மூன்று வருஷத்துக்கு முன் இவர் சத்தம் போட்டதில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவள். எங்கே என்று தெரியாது. பெருநாள் அன்று மட்டும் எண் காட்டாத அழைப்பு ஒன்று வரும். பேச மாட்டாள். மூச்சு மட்டும் கேட்கும். அரை நிமிஷம். பிறகு வைத்துவிடுவாள்.

எனக்கு ஏன் இதையெல்லாம் சொல்ல வேண்டும்? திட்ட வந்தவள் நான்.

மே 18

தம்பி லுத்ஃபியிடம் சொன்னேன். "அக்கா, உனக்குப் பைத்தியமா? நாளைக்கு அந்த நம்பர்ல ஒரு மோசடி நடந்தா போலீஸ் உன் கதவைத்தான் தட்டும். வெட்டி விடு." அவன் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறவன். சொல்வது சரிதான். சரியாகச் சொல்கிறவர்கள் ஏன் இத்தனை எரிச்சல் மூட்டுகிறார்கள்?

மே 20

கேட்டுப் பார்த்ததில் வழி இருக்கிறதாம். நானும் அவரும் சேர்ந்து போனால் எண்ணை அவர் பேருக்கு மாற்றலாம். அவரை வரச் சொன்னேன்.

மே 23

காற்று. படகு ஓடவில்லை.

மே 26

இன்றும் காற்று. இருபது தடவை மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது, இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

மே 30, வெள்ளி

வந்துவிட்டார். குள்ளமான மனிதர், பெருநாள் சட்டை போட்டிருந்தார். செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த ஆக்டோபஸ் ஒன்றை என் கையில் திணித்தார். வரிசை முழுக்க நாற்றம்; எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நிற்கும்போது கேட்டேன், "அவ பேசலைன்னா நீங்க பேச வேண்டியதுதானே அண்ணே?"

"பேசினா வச்சிடுவாளோன்னு பயம். நானும் மூச்சுதான் விடுவேன்."

என்ன மனிதர்! அத்தனை பேருக்கு நடுவில் கத்தியேவிட்டேன். "மூணு வருஷமா ரெண்டு பேரும் போன்ல மூச்சு விட்டுக்கிட்டா இருக்கீங்க?" தலையைக் குனிந்துகொண்டார்.

கவுண்டரில் அதே பெண். பேர் மாற்றலாம், ஆனால் சரிபார்த்து முடியும்வரை பதினைந்து நாள் லைன் இருக்காது.

"பெருநாள் ஆறாம் தேதி!" என்றார் ஹம்தா. அவளிடம் இல்லை, என்னிடம்.

"ரூல் அப்படித்தான் சார்."

படிவத்தில் இரண்டு கட்டங்கள். என்னுடையது. என்னுடையது அல்ல. லுத்ஃபி நினைவுக்கு வந்தான். போலீஸ் நினைவுக்கு வந்தது. இந்த மனிதரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பேனா ஒழுங்காக எழுதவில்லை, உதறினேன்.

"ரெண்டு லைனும் என்னுதுதான்" என்றேன்.

"ரெண்டாவதை யார் யூஸ் பண்றாங்க? எழுதணும்."

"எங்க அண்ணன்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஜாடையே இல்லையே மேடம்."

"அவர் அப்பா மாதிரி. நான் அம்மா மாதிரி. முத்திரையைக் குத்தும்மா."

குத்தினாள். வாசலில் ஹம்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "படகுக்கு நேரமாச்சு, போங்க" என்று விரட்டிவிட்டேன். அழுதுவிடுவாரோ என்று பயம்.

ஜூன் 2

லுத்ஃபியிடம் இன்னும் சொல்லவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே திக்கென்கிறது. எல்லாம் என் தலைவிதி.

ஜூன் 6, பெருநாள்

காலையிலிருந்து இரண்டு ஊசி, ஒரு கட்டு. லுத்ஃபி வீட்டில் சாப்பாடு. நான்கு முறை போனைப் பார்த்தேன். என்னிடம் எதற்கு யாராவது சொல்ல வேண்டும்?

மாலை ஐந்து மணிக்கு என் இரண்டாவது எண் என்னைக் கூப்பிட்டது.

"பேசிட்டேன் தங்கச்சி" என்றார் ஹம்தா. "மன்னிச்சிடுன்னு சொன்னேன். அப்புறம் வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அவ அம்மாவோட முழங்கால் வலி, பூனை குட்டி போட்டது, எல்லாம்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆனா வைக்கல" என்றார். "அவ போன்ல காசு தீர்ந்துதான் கட்டாச்சு போலிருக்கு. நாப்பது நிமிஷம், தங்கச்சி. அவ வைக்கல."